வட்டமீனும் வற்றாப்பளைக் கிணற்று நீரும்

2016ஆம் ஆண்டில் நான் எழுதிய ஒரு சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்து வேலைக்கு வந்த புதிது. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வற்றாப்பளையில் மீளக்குடியேறியிருந்த ஓர் அக்கா, அலங்கார மீன் வளர்த்து விற்பதற்குக் கடன் கேட்டிருந்தார். “பொருத்தமான வாழ்வாதாரம்” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை.

கடன் கிடைத்தது. கொழும்பிலிருந்து எட்டு டிஸ்கஸ் மீன்கள் பொலித்தீன் பைகளில் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. வளர்ப்பு மீனல்ல, அமேசன் ஆற்றில் பிடித்த அசல் மீன் என்று விற்றவர் சொன்னாராம். புதுத் தொட்டி, அன்று காலையில் அள்ளிய கிணற்று நீர். ஒன்பதாம் நாள் கடைசி மீனும் செத்தது. வாராந்தத் தவணை மட்டும் ஒரு வருடம் உயிரோடு இருந்தது.

“தங்கச்சி, மீன் என்ன பிழை செய்தது? அதின்ர ஊர் எது எண்டு கேக்காமல் நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்திட்டம்” என்றார் அக்கா. எத்தனையோ ஊர்த் தண்ணீர் குடித்து வந்தவர் சொன்ன வார்த்தை அது. அதன் பிறகுதான் நான் அந்த மீனின் ஊரைத் தேடிப் படித்தேன்.

டிஸ்கஸ் தட்டுப்போல வட்டமான, தட்டையான மீன். தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகைதான் அதன் ஊர். 1840இல் வியன்னாவைச் சேர்ந்த ஹெக்கல் என்ற அறிஞர் இதற்கு முதன்முதலில் அறிவியற் பெயர் வைத்தார். அவர் விவரித்த இனம் பிறேசிலின் றியோ நீக்றோ ஆற்றில் வாழ்கிறது. அந்தப் பெயருக்குக் கறுப்பு ஆறு என்று பொருள். காட்டில் உதிரும் இலைகள் ஊறி, அதன் தண்ணீர் பால் விடாத தேநீர் போல் இருக்கும். அந்த ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்றொரு ஊர். அங்குள்ள குடும்பங்கள் பல வண்ணமீன் பிடித்தே பிழைத்து வந்தன. விழுந்த மரக்கிளைகளுக்குள் ஒதுங்கும் டிஸ்கஸை இரவில் வெளிச்சம் பிடித்துச் சிறு வலையால் எடுப்பார்கள். நந்திக்கடலில் இரவில் இறாலுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி விளங்கும். அவ்வூரின் மீன் திருவிழாவில் இரண்டு அணிகள் ஆடிப்பாடிப் போட்டியிடும். ஓர் அணிக்குப் பெயரே டிஸ்கஸ்.

இனித் தண்ணீர். றியோ நீக்றோ நீரில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. புளிப்புத் தன்மை அதிகம். பீ.எச். அளவு 5ஐயும் விடக் குறைவாக இருக்கும். நமது கிணற்று நீரோ பல இடங்களில் இதற்கு நேர்மாறு. சோதிக்க இயந்திரம் வேண்டாம். சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அது கடின நீர். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த டிஸ்கஸ் ஓரளவு கடின நீருக்குப் பழகிவிடும். ஆற்றில் பிடித்த மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதற்கு ஏற்ற நீர் நமக்கு வானத்திலிருந்து வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைப் பரல்களில் பிடித்து மூடி வைக்கலாம். கூரை கழுவப்படும் முதல் மழையை விட்டுவிடுங்கள். தனி மழைநீரில் பீ.எச். திடீரென்று விழுந்துவிடும், ஆகவே கொஞ்சம் கிணற்று நீர் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதை வண்ணமீன் கடைகளில் விற்கும் சோதனைத் திரவம் சொல்லும். காய்ந்து விழுந்த வாதுமை இலைகளை (கொட்டம்பா என்றும் சொல்வார்கள்) கழுவிப் போட்டால் தண்ணீர் தேயிலை நிறமாகி, மீன் தன் ஊரை ஓரளவு உணரும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலைத் தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் சிப்பித்தூள் கரைந்து மழைநீரையும் கடின நீராக்கிவிடும்.

டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். ஆறு மீனாவது வேண்டும். அதற்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி தேவை. அது ஏறக்குறைய 340 லீற்றர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 340 கிலோ. மேசையில் வைக்க முடியாது, சீமெந்துக் கல்லால் மேடை கட்டுங்கள். வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் இதற்கே மின்கட்டணம் ஏறும். நமக்கு மழைக்கால இரவுகளில் மட்டும் சூடாக்கி தேவைப்படும். கதவு அறைந்து சாத்தும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். திடீர்ச் சத்தத்துக்கு இந்த மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டும். வெடிச்சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடுகிற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அக்காவின் மீன்களைக் கொன்றது கடின நீர் மட்டுமல்ல. மீனின் கழிவில் அமோனியா உண்டு. அதைக் குறைந்த நஞ்சாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் பெருகி நிலைக்க நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை தொட்டியை ஓடவிட்டு, சோதனைத் திரவம் அமோனியா இல்லை என்று காட்டிய பிறகே மீன் விட வேண்டும். ஆற்று மீன்களின் குடலில் புழு இருப்பது வழக்கம். முதலில் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. உணவுக்கு மாட்டு இதயம் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதுகின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலடியில் அதை யார் வாங்குவது? கோதுடைத்துக் கழுவி நுணுக்கிய இறாலே போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள்.

கூட வைக்கும் மீன் இந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். உணவைத் தட்டிப் பறிக்கவும் கூடாது. சிவப்பும் நீலமுமான கார்டினல் டெட்ரா அதே றியோ நீக்றோவின் பிள்ளை. அது பொருந்தும். அடிமணலைக் கிளறி உண்ணும் கொரிடோரஸ் மீன்களில் சூடு தாங்கும் ஸ்டெர்பை இனமும் பொருந்தும். தங்கமீன் குளிர்ச்சியை விரும்புவது, வேண்டாம். டைகர் பார்ப் செட்டையைக் கடிக்கும். தொட்டி துப்புரவாக்கும் என்று விற்கும் பெரிய உறிஞ்சி மீன் டிஸ்கஸின் உடலில் ஒட்டி அதன் வழுவழுப்பையே உறிஞ்சப் பார்க்கும். அந்த மீன் வளர்ந்து தொல்லையாகிவிட்டது என்று குளத்திலோ நந்திக்கடலிலோ விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவை இலங்கையின் நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பெருகியிருக்கின்றன.

அந்த வழுவழுப்பு ஏன் முக்கியம் என்றால், டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு அதுதான் பால். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தை இருவரின் தோலையும் கொத்தி உண்ணும். ஒருவர் களைத்தால் மற்றவர் முறை எடுப்பார். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டையிட்டதும் அந்த வழுவழுப்பில் புரதமும் நோயெதிர்ப்புச் சத்தும் கூடுகின்றன. மூன்றாம் கிழமையளவில் அவை குறையும்போது, பெற்றோர் குஞ்சுகளை விட்டுச் சற்று விலகி நீந்தத் தொடங்கும். பால் மறக்கப்பண்ணுவது போலத்தான். இதை நான் வாசித்துக் காட்டியபோது அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தகப்பனும் குடுக்குதோ?” என்று மட்டும் கேட்டார்.

டிஸ்கஸுக்கு நமது பக்கத்திலேயே ஒரு சொந்தம் இருக்கிறது. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீனின் சின்னத் தங்கை, மஞ்சள் உடலும் கரும்பொட்டும் கொண்டது. மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூட வளரும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கரையோர நீர்நிலைகளில் வாழ்வது. கடின நீரும் சிறிது உப்பும் அதற்கு உவப்பானவை. அதன் குஞ்சுகளும் பெற்றோரின் தோலைக் கொத்தி உண்ணும். மீன் வளர்க்க விரும்பும் சகோதரிகள் இதிலோ கப்பியிலோ கை பழகுங்கள். கடன் எடுத்து டிஸ்கஸ் வாங்க வேண்டாம். இன்று யாராவது கேட்டால் அந்தச் சிபாரிசை எழுத மாட்டேன்.

அக்கா தவணையைக் கட்டி முடித்தார். தொட்டி வெகுகாலம் நெல் போட்டு வைக்கும் பெட்டியாக இருந்தது. 2019 மாரியில் நான்கு பரல் மழைநீர் பிடித்தார். முதலில் மஞ்சள் மீன்கள், அடுத்த வருடம் மகளின் சம்பளத்தில் ஆறு டிஸ்கஸ் குஞ்சுகள். இம்முறை பண்ணையில் பிறந்தவை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது காற்றுப் பம்பியும் நின்றது. அக்காவும் பிள்ளைகளும் முறை வைத்து, செம்பால் தொட்டி நீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று. நான் போன நேரம் மகனின் முறை. “செம்பைப் பிடியுங்கோ அக்கா, ஒருக்காச் சாப்பிட்டிட்டு வாறன்” என்று என் கையில் தந்துவிட்டுப் போனான்.