ஆறு வயதில் ஆறாவது பல்

சென்ற கல்வியாண்டில் நடமாடும் மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர், கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாலையில் அதை அவன் அம்மாவிடம் கொடுத்தேன். விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய் வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிடும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில மாதங்கள் கழித்து அவன் கன்னம் வீங்கி வந்தான். பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அது பால் பல் அல்ல, நிரந்தரப் பல். அந்த இடத்தில் இனி வேறு பல் முளைக்காது.

ஏன் இந்தக் குழப்பம்? பெரும்பாலான நிரந்தரப் பற்கள் பால் பல் விழுந்த இடத்தில் முளைக்கின்றன. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லோ எதுவும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஆறு வயதை ஒட்டி ஓசையின்றி வந்துவிடுகிறது. வெளியே வந்து மேல்பல்லைத் தொட அதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை மற்ற பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமலே போய்விடும். அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களில் இனிப்பு ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்க, அமிலம் எனாமலைக் கரைக்கும். எச்சில் அந்த அரிப்பை ஓரளவு சரிசெய்யும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரேயடியாகத் தின்ற நான்கு கமர்கட்டைவிட, மணிக்கொன்றாகத் தின்ற நான்கு கமர்கட்டு அதிகம் கெடுப்பது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பால் பற்கள் மொத்தம் 20, அதாவது வாயின் கால் பகுதிக்கு ஐந்து. நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக இருப்பது நிரந்தரப் பல். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாக்காலேயே எண்ணிவிடுகிறார்கள். அவர்களுக்கு இது எண்கணிதப் பயிற்சியும்கூட.

மரக்காணத்தில் இன்னொரு நம்பிக்கை உண்டு: உப்பால் பல் தேய்த்தால் சொத்தை வராது. உப்புக் கல் சொரசொரப்பானது. அதை வைத்துத் தேய்க்கத் தேய்க்க ஈறும் எனாமலும் தேயும். சாப்பாட்டு உப்பில் கலக்கப்படும் அயோடின் தைராய்டுக்கானது, பல்லுக்கு அல்ல. சுவிட்சர்லாந்தில் 1955 முதல் ஃப்ளோரைடு கலந்த உப்பு விற்கிறார்கள். நம் பாத்தியில் விளையும் உப்பு அப்படிப்பட்டதல்ல. ஃப்ளோரைடு உள்ள பற்பசை பட்டாணி அளவு போதும். இரவில் கட்டாயம் துலக்க வேண்டும். கடைசிப் பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காக வைக்க வேண்டும். (தருமபுரி ஆசிரியர்களுக்கு ஃப்ளோரைடு என்றதும் கறை படிந்த பற்கள் நினைவுக்கு வரும். அங்கே நிலத்தடி நீரில் அது மிகுதி. அளவு மீறுவதுதான் அங்கே சிக்கல்.)

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பல்லும் அதில் அடக்கம். பரிசோதனை நடந்துவிடுகிறது, சீட்டும் எழுதப்படுகிறது. அதற்குப் பிறகுதான் நூல் அறுகிறது. புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குகிறது, உப்பள வேலையும் காலையில்தான். திண்டிவனமோ புதுச்சேரியோ 30 கிலோமீட்டருக்கு மேல். போனால் ஒருநாள் கூலி போயிற்று. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது சீட்டு பெற்ற பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆறாவது பல் என்றால் சிவப்பு மையில் வட்டம். அவர்களை உடனே அனுப்ப வேண்டும். தொடக்கச் சொத்தையை அடைத்துவிடலாம், சொத்தையில்லாத பல்லின் பள்ளங்களுக்குப் பாதுகாப்புப் பூச்சும் பூசலாம். வலியில்லாத பால் பல் சொத்தைகளுக்கு, மழையில் உப்பளம் ஓயும் மாதங்களைப் பெற்றோரிடம் நினைவூட்டுகிறேன்.

இந்த ஆண்டு நோட்டில் சிவப்பு வட்டம் ஐந்து. நான்கு பேர் போய் வந்துவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு வீட்டில் பாட்டி மட்டும்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஓர் அம்மா வரும் சனிக்கிழமை அவளை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.