மோட்டார் ஓடும்போது சென்சார் தவறாகக் காட்டுகிறதா? வயரைக் கவனியுங்கள்!

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மண் ஈரப்பத சென்சார் வாங்கி வந்து வீட்டில் சோதிக்கும்போது ஒழுங்காகக் காட்டும். வயலில் புதைத்து, 150 மீட்டர் தள்ளியுள்ள மோட்டார் அறைக்கு வயர் இழுத்ததும் சிக்கல் தொடங்கும். மோட்டார் ஓடும் நேரத்தில் ஈரப்பதம் 0, 100 எனத் தாறுமாறாக வரும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை நம்பி வால்வை மூடிவிட்டால், காய்வது உங்கள் பயிர்தான்.

பெரும்பாலும் சென்சாரில் குறை இருக்காது. விலை குறைந்த சென்சார்கள் பல 'ஐ2சி' முறையில் பேசுபவை. ஒரே பலகையில் உள்ள சில்லுகள் தங்களுக்குள் பேச உருவான முறை அது. வயர் நீள நீள சிக்னல் மழுங்கும்; மோட்டார், ஸ்டார்ட்டரின் மின் இரைச்சலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

தூரத்துக்கு ஏற்றது 'ஆர்எஸ்-485'. இதில் தகவல் இரண்டு வயர்களில் எதிரெதிராகச் செல்லும். மறுமுனை பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. குலுங்கும் வண்டியில் இருவர் நின்றாலும் அவர்களின் உயர வித்தியாசம் மாறாதல்லவா? அதுபோல, முறுக்கிய இரு வயர்களிலும் இரைச்சல் ஏறக்குறைய சமமாக விழுவதால் வித்தியாசம் கெடாது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும்.

புதிதாக வாங்குவோர் 'ஆர்எஸ்-485 மோட்பஸ்' சென்சார் என்றே கேளுங்கள். கையில் ஐ2சி சென்சார் இருந்தால், அதன் அருகிலேயே சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் ஆர்எஸ்-485 மாட்யூலும் நீர்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும். மாட்யூலை மட்டும் சென்சாரில் நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது. பலர் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள்.

முறுக்கிய ஜோடி கேபிளே போடுங்கள். கிரவுண்ட் வயரும் ஒன்று கூடவே வரட்டும். பல சென்சார்கள் இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கொண்டு செல்லுங்கள், கிளை பிரிக்காதீர்கள். வரிசையின் இரு கடைசி முனைகளிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கேபிளில் ஷீல்டு இருந்தால் மோட்டார் அறை முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

முக்கியமாக, மோட்டார் கேபிள் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். பள்ளம் வெட்டும் கூலி மிச்சம் என்று தோன்றும். தொல்லை அங்கிருந்துதான் வரும். தனிக் குழாயில், ஓரடியாவது தள்ளிப் பதியுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இணைத்த பின் தகவலே வரவில்லையா? ஏ, பி வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.