மோலினாவுக்கு நற்சான்றிதழ் தேவையில்லை

1

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அர்ஜென்டினா எழுத்தாளர் மனுவல் புய்க்கின் 'சிலந்திப் பெண்ணின் முத்தம்' நாவலைப் பற்றிப் பேசினேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் ஏதாவதொரு அமைப்பில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் எழுதுகிறவர்கள். நான் பேசி முடித்ததும் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரிதான். ஆனா அவன் போலீஸுக்கு ஆள்காட்டி ஆச்சே. அப்படி ஒருத்தனை வச்சு நாவல் எழுதினா அந்தச் சனங்களுக்கு என்ன நல்லது?" பக்கத்திலிருந்த இளம் நண்பர், தன்னைப் பால்புதுமையர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறவர், வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்: "நமக்குன்னு ஒரு கேரக்டர் வர்றதே அபூர்வம். அதுவும் காட்டிக்கொடுக்கிற ஆளா, கடைசியிலே சாகிற ஆளாத்தான் வரணுமா?"

இரண்டு பேருக்கும் அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். இரண்டு கேள்விகளும் நாவலிடம் ஒரே பொருளைத்தான் கேட்கின்றன என்று பட்டது. மோலினாவுக்கு ஒரு நற்சான்றிதழ். இலக்கியத்தில் அதைக் கேட்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது, அதைக் கேட்கிறபோது எதை இழக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

நாவல் 1976இல் ஸ்பெயினில் வெளியானது. அதே வருஷம் மார்ச்சில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது; நாவல் அங்கே தடை செய்யப்பட்டது. புய்க் அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 1971இல் புவனஸ் அயர்ஸில் ஒருபால் விருப்பத்தினரின் விடுதலை முன்னணி தொடங்கப்பட்டபோது அதில் பங்கெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த முன்னணி இடதுசாரிப் பெரோனிஸ்டுகளோடு சேர்ந்து நிற்க முயன்றது. அவர்களோ இவர்களோடு சேர்ந்து காணப்படுவதையே விரும்பவில்லை. புரட்சி இயக்கம் ஒருபால் விருப்பத்தினரை வாசலில் நிறுத்திய அந்த அனுபவம் நாவலுக்குப் பின்னால் இருக்கிறது.

கதை ஒரு சிறை அறையில் நடக்கிறது. இரண்டு பேர். ஒருவர் மோலினா, முப்பத்தேழு வயது, கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கிற தொழில், வயது குறைந்த ஒருவனைக் கெடுத்ததாகத் தண்டனை. இன்னொருவர் வாலந்தீன், இருபத்தாறு வயது, மார்க்ஸிய கெரில்லா. பொழுது போக மோலினா தான் பார்த்த சினிமாக்களை ராத்திரிதோறும் கதையாகச் சொல்கிறாள். கதைசொல்லி என்று யாரும் கிடையாது. இரண்டு குரல்கள், நடுநடுவே சில அரசாங்க அறிக்கைகள், பக்கங்களின் அடியில் நீண்ட அடிக்குறிப்புகள், அவ்வளவுதான்.

'சொல்கிறாள்' என்று எழுதிவிட்டேன். இதை விளக்கிவிட வேண்டும். தமிழில் தன்மை வினைக்குப் பால் கிடையாது. 'களைத்துப்போனேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ஸ்பானிய மொழியில் அந்த வாக்கியத்தில் வரும் பெயரடையின் விகுதியே சொல்பவர் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். மோலினா தன்னைப் பெண்ணாக்கிக்கொள்வது பல நேரம் அந்தச் சின்ன விகுதிகளுக்குள்தான். தமிழில் மொழிபெயர்த்தால் அது காணாமல் போகும். ஆனால் மோலினாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிலைமை தலைகீழ்: தமிழ்ப் படர்க்கை என்னை விடாது. ஒவ்வொரு வினைமுற்றிலும் 'ன்' போடுகிறாயா 'ள்' போடுகிறாயா என்று கேட்கும். 'அவர்' என்று மரியாதைக்குள் ஒளிந்துகொள்ளலாம். அது தப்பித்தல். நாவலில் மோலினாவுக்கு ஓர் ஆண் பெயரும் கைதி எண்ணும் தருவது சிறையின் கோப்புகள். எனவே மோலினா தன்னைப் பற்றி அடிக்கடி பேசுகிற விதத்தையே பின்பற்றி 'அவள்' என்று எழுதுகிறேன். இன்றைய சொற்களில் மோலினா திருநங்கையா, ஒருபால் விருப்பமுள்ள ஆணா என்று கேட்டால் நாவல் தீர்த்துச் சொல்வதில்லை. தமிழ் இலக்கணம் தீர்க்கச் சொல்லி நெருக்குகிறது. அந்த நெருக்கடியை வாசகர் மறக்காமல் இருந்தால் போதும்.

3

நாவலின் பாதியில் ஒரு விஷயம் தெரிய வருகிறது. சிறை இயக்குநர்தான் மோலினாவை அந்த அறையில் போட்டிருக்கிறார். வாலந்தீனிடமிருந்து இயக்கத் தோழர்களின் பெயர்களைக் கறந்து கொடுத்தால் விடுதலை. வெளியே நோயாளித் தாய் காத்திருக்கிறாள். மோலினா ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இது தெரிந்தபின் அதுவரை வாசித்ததையெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாலந்தீனைப் பலவீனப்படுத்துவதற்காகச் சாப்பாட்டில் ஏதோ கலந்து அனுப்புகிறார்கள். ஒரு தடவை அந்தத் தட்டை வாலந்தீன் மோலினாவுக்கே கொடுத்துவிடுகிறான். கலந்திருப்பது தெரிந்தே அவள் சாப்பிட்டுத் துடிக்கிறாள். மறுத்தால் சந்தேகம் வரும். பிறகு வாலந்தீனுக்கு வயிற்றுப்போக்கு. அவன் வெட்கத்தில் குறுகிக்கிடக்க, அருவருப்பில்லாமல் துடைத்து, துணி மாற்றிப் படுக்க வைக்கிறவள் மோலினா. தாய் கொண்டுவந்ததாக நம்பவைக்க இயக்குநரிடமே ஒரு மளிகைப் பட்டியல் சொல்லி, கோழியும் பழமும் வாங்கி வந்து அவனுக்கு ஊட்டுகிறாள்.

அந்தக் கோழி அன்பா, சதியா? போலீஸ் காசில் வந்தது. ஒற்றுவேலையின் உபகரணம். அதைச் சாப்பிட்டுத்தான் வாலந்தீன் தேறுகிறான். இயக்குநரை ஏமாற்றுவதும் வாலந்தீனை ஏமாற்றுவதும் அவனைக் காப்பாற்றுவதும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. இதில் முக்கால் பங்கு அன்பு, கால் பங்கு துரோகம் என்று தராசு வைக்க முடியாது.

சிக்கலான பாத்திரம் என்று நாம் விமர்சனத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும், நல்லவனுக்கு ஒரு கெட்ட குணம் சேர்ப்பது, கெட்டவனுக்கு ஓர் அழுகைக் காட்சி வைப்பது என்றே அதைப் புரிந்துகொள்கிறோம். மோலினா வேறு மாதிரி. அவளுடைய அன்பு எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால்தான் அவளுடைய ஏமாற்றும் ஆகியிருக்கிறது. ஜோடனை அவள் தொழில். கண்ணாடி ஜன்னலை அழகாக்கத் தெரிந்தவளுக்கு இருட்டறையில் சினிமாவை உயிர்ப்பிக்கத் தெரிகிறது, பொய்யை நம்பவைக்கவும் தெரிகிறது. பொய் சொல்லாத மோலினா வேண்டுமென்றால் கதை சொல்லாத மோலினாதான் கிடைப்பாள்.

அரசியல் வாசகரைத் தொந்தரவு செய்கிற இன்னொன்றும் உண்டு. அவள் சொல்லும் படங்களில் ஒன்று நாஜிப் பிரச்சாரப் படம். வாலந்தீன் கொதிக்கிறான். மோலினாவுக்கு அந்தப் படத்தின் காதலும் உடைகளும் பாட்டும்தான் முக்கியம். பெண் என்றால் ஆணுக்கு அடங்கி நடப்பது என்றுகூட நினைக்கிறவள் அவள். நிஜமான ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்கிறாள், நிஜமான ஆண்பிள்ளையோ பெண்ணைத்தான் தேடிப்போவான் என்றும் நம்புகிறாள். தான் அகப்பட்ட வலையை அவளே பின்னிக்கொண்டிருக்கிறாள். வாலந்தீன் இதைத் தர்க்கித்து உடைக்கப் பார்க்கிறான். ஆனால் அவனுக்கும் அவனுடைய மறைவிடம் இருக்கிறது: இயக்கத் தோழியோடு உறவு, மனசெல்லாம் மார்த்தா என்ற மேல்வர்க்கப் பெண். தன் ஆசையைக் கொள்கையால் விரட்ட முடியாத வெட்கம் அவனைத் தின்கிறது. ஆசை அரசியலுக்குக் கீழ்ப்படியவில்லை என்பதில் இரண்டு பேரும் ஒரே கூண்டில்தான் இருக்கிறார்கள்.

4

பக்கத்தின் அடியில் ஓடும் அடிக்குறிப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருபால் விருப்பம் ஏன் உண்டாகிறது என்று ஃப்ராய்டிலிருந்து மார்க்யூஸ் வரை அறிஞர்கள் சொன்னதையெல்லாம் புய்க் தொகுத்துத் தருகிறார். ஸ்பானிய வாசகர்களுக்கு இந்தத் தகவல்கள் கிடைக்காமலிருந்ததால் சேர்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் பிரதிக்குள் அவை வேறொரு காரியமும் செய்கின்றன. மேலே மோலினா படம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கீழே கோட்பாடு அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. கடைசியில் வரும் அனெலி டவுபெ என்ற டேனிஷ் மருத்துவர், ஒருபால் விருப்பத்தின் இணங்காமைக்குள் புரட்சிகரமான ஒன்று இருப்பதாக வாதிடுகிறார். அப்படி ஒரு மருத்துவரே கிடையாது. புய்க்கின் கற்பனை. தான் மிகவும் நம்ப விரும்பிய கோட்பாட்டைப் புனைபாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார்.

கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்தவர்களான நமக்கு இதில் பாடம் இருக்கிறது. இணங்க மறுப்பவர்கள்தான் புரட்சிகரமானவர்கள் என்று அடிக்குறிப்பு சொல்லும்போது, மேலே மோலினா தன்னை அடக்கியாளும் ஒரு புருஷனைக் கனவு காண்கிறாள். அவளை விடுதலையின் உருவகமாக்கலாம் என்று போனால் நழுவிவிடுகிறாள். பாதிக்கப்பட்டவளாக மட்டும் பார்க்கலாம் என்றால் மளிகைப் பட்டியலோடு வந்து நிற்கிறாள். கோட்பாடு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆசை எப்படித் தடை செய்யப்படுகிறது என்று அது சொல்லித்தரும். இந்த ஆள் நாளைக் காலை என்ன செய்வாள் என்று சொல்லித்தராது.

5

இனி இளம் நண்பரின் கேள்வி. அது என் கேள்வியைவிடப் பழையது, நியாயமானது. தமிழ் சினிமாவில் பெண்தன்மையுள்ள ஆண் என்றால் பல வருஷங்களாகக் கேலிக்குரிய ஆள் அல்லது வில்லனின் கையாள். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்ட சிறுவனுக்கு, தன்னை மாதிரி ஒருவர் கண்ணியமாக நடமாடுகிற ஒரு கதை மூச்சுக்காற்று மாதிரி. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' தொண்ணூறுகளில் அந்த வேலையைச் செய்தது. அந்த வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் கண்ணியமும் குற்றமின்மையும் ஒன்றல்ல. கண்ணியத்துக்குப் பதிலாகக் குற்றமின்மையைக் கொடுக்கிற கதைகள் ஒரு பேரம் பேசுகின்றன: இவர்கள் நல்லவர்கள், நிறைய அழுதவர்கள், ஆகவே இவர்களை விட்டுவிடுங்கள். அப்படியானால் அழாதவர்கள், நல்லவர்களல்லாதவர்கள்? 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. அந்த உரிமை நல்லொழுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தீர்ப்பில் இல்லை. எரிச்சல்காரருக்கும், சுயநலக்காரருக்கும், மோலினாவுக்கும் சேர்த்துத்தான். சட்டமே கேட்காத சான்றிதழை நாம் ஏன் நாவலிடம் கேட்க வேண்டும்?

நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிற உதாரணம் ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியான 'ஃபன்னி பாய்'. கொழும்புத் தமிழ்ப் பையன் அர்ஜி. பள்ளியில் அவன் காதலிப்பது சிங்களம் பேசும் ஷெஹானை. கொடுமைக்காரத் தலைமையாசிரியர் ஷெஹானை வதைக்கிறார். ஆனால் அந்தத் தலைமையாசிரியர் பதவியில் நீடித்தால்தான் பள்ளியில் தமிழ் மாணவர்களுக்குப் பாதுகாப்பு என்று அர்ஜிக்குச் சொல்லப்படுகிறது. விழா மேடையில் அவன் ஒப்பிக்கும் கவிதைகளைப் பொறுத்துத்தான் தலைமையாசிரியரின் மானம். அர்ஜி வேண்டுமென்றே வரிகளைக் குழப்பி உளறுகிறான். காதலுக்காகத் தன் இனத்தின் பாதுகாப்பைக் கைவிட்டான் என்றும் சொல்லலாம், அடிக்கிற கைக்குக் கவிதை சொல்ல மறுத்தான் என்றும் சொல்லலாம். 1983 ஜூலை கலவரத்துக்குள் போய் முடியும் ஒரு நாவலில், தமிழ் வாசகருக்கு இது சும்மா விழுங்கக்கூடிய முடிவல்ல. செல்வதுரை அர்ஜிக்காக மன்னிப்பும் கேட்கவில்லை, அவனைத் தண்டிக்கவுமில்லை.

6

மோலினாவின் சாவுக்கு வருகிறேன். அவள் வாலந்தீனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் உடலாலும் சேர்கிறார்கள். விடுதலையாகும்போது அவனிடமிருந்து ஒரு முத்தம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள், இயக்கத்துக்கு ஒரு தகவலைச் சேர்ப்பதாக ஒப்புக்கொள்கிறாள். பின்தொடரும் போலீஸ் அவளைப் பிடிக்கிற நேரத்தில், ஓடும் காரிலிருந்து இயக்கத்தவரே சுடுகிறார்கள். நமக்கு இது ஓர் உணர்ச்சியற்ற கண்காணிப்பு அறிக்கையாக மட்டுமே கிடைக்கிறது. பிடிபட்டால் கொல்லப்படுவோம் என்று தெரிந்து போனாளா, தப்பிப்போம் என்று நம்பினாளா, அறிக்கைக்குத் தெரியவில்லை. சித்திரவதைக்குப் பின் மயக்கத்தில் கிடக்கும் வாலந்தீனுக்கும் தெரியவில்லை. கொள்கைக்காகவா, ஒரு சினிமா நாயகி மாதிரி சாக ஆசைப்பட்டா என்று அவன் மனசு கேட்டுப் பார்க்கிறது.

பால்புதுமையர் பாத்திரம் கடைசியில் சாகத்தான் வேண்டுமா என்ற நண்பரின் கோபம் இங்கே எனக்குத் தீரவில்லை. தீர்த்துவைக்கவும் விரும்பவில்லை. ஆனால் இந்தச் சாவு மோலினாவைச் சுத்தப்படுத்துவதில்லை என்பதைக் கவனிக்கலாம். ஒற்றனாக வந்தவள் தியாகியாகிப் பாவம் கழுவினாள் என்று மூத்த தோழர் நிம்மதிப்படவும் வழியில்லை. அவளைச் சுட்டது அரசு அல்ல, அவள் உதவப்போன இயக்கம். அவளை நம்பலாமா என்று யோசிக்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. சான்றிதழ் இல்லாதவர்களை எந்தப் பக்கமும் எப்படி நடத்தும் என்பதை அதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

போன மாதம் அந்த இளம் நண்பர் தான் எழுதிய கதையொன்றைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்தார். அதில் ஒரு திருநங்கை, தன்னை வளர்த்த தோழியின் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். "இதைப் போட்டா எங்க ஆளுங்களே திட்டுவாங்கண்ணே. வெளியாளுங்க 'பாத்தியா, நாங்க சொன்னோம்ல'ம்பாங்க," என்றார். இரண்டும் நடக்கும். இல்லை என்று சொல்லி அவரை ஏமாற்ற விரும்பவில்லை. அவள் பணத்தை எடுக்கிற ராத்திரி கதையில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, அங்கே அவள் கை என்ன செய்தது, தோழியின் முகத்தைப் பார்த்தாளா என்று எழுதுங்கள் என்றேன். யோசித்துவிட்டு, "தோழிக்குப் போர்வையை இழுத்து விட்டுட்டுத்தான் போவா," என்றார்.

கதை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அந்த ராத்திரியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.