உறிஞ்சுகுழலும் பத்தொன்பது துளைகளும்

1989-இல் நின்டெண்டோ நிறுவனம் ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்றொரு கன்ட்ரோலரை வெளியிட்டது. பட்டை கட்டி மார்பில் மாட்டிக்கொள்ளும் பெட்டி அது. மேலே நீண்டிருக்கும் சிறு கோலைத் தாடையால் தள்ளினால் திரையில் மரியோ ஓடுவான். பக்கத்தில் ஓர் உறிஞ்சுகுழல் இருக்கும். அதை ஊதினால் ஒரு பொத்தான், உறிஞ்சினால் இன்னொன்று. கைகால் அசையாத சிறுவன்கூடத் தன் மூச்சைக்கொண்டே மரியோவைத் தாவவைக்கலாம். ஆனால் கடையில் கிடைக்காது. நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த முயற்சி அதோடு நின்றுபோனது. அதன்பின் நெடுங்காலம் இந்த வேலையைச் சுமந்தவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்களும் கைவேலை தெரிந்த பொறியாளர்களும்தான். கடையில் வாங்கிய கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொரு பொத்தானின் அடியிலிருந்தும் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே இழுப்பார்கள். அதன் முனையில் ஹெட்போன் செருகுவது போன்ற 3.5 மி.மீ. துளை. அதில் ஒரு பெரிய சுவிட்சைச் செருகி, பிள்ளைக்கு எங்கே அசைவு மிச்சமிருக்கிறதோ அங்கே, முழங்காலுக்குப் பக்கத்திலோ தலைக்குப் பின்னாலோ, பொருத்துவார்கள். ஒரு பிள்ளைக்குச் செய்தது இன்னொரு பிள்ளைக்கு உதவாது. தசைச் சிதைவு நோய் முற்றும்போது அதே பிள்ளைக்கே மறுபடி செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2004-இல் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனில் 2007-இல் ஸ்பெஷல்எஃபெக்ட் ஆகிய தொண்டு அமைப்புகள் பிறந்தபிறகுதான் இந்தப் பெற்றோர்களுக்குக் கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்தது.

விளையாட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் நார்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீனின் கதையை அறிய வேண்டும். தசைச் சிதைவு நோயால் அவர் 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனியாக வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் வருந்தினார்கள். மரணச் செய்தியை இணையத்தில் எழுதியதும், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் அவரோடு பழகியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அசையும் விரல் நுனிக்கும் திரைக்கும் நடுவே இருந்த கருவிதான் அவருக்கு ஊரும் உறவும் தந்தது.

2014-இல்தான் இன்னொன்றும் நடந்தது. காயம்பட்ட படைவீரர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு செய்துகொடுத்த கன்ட்ரோலரின் படம் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. அங்கே விழுந்த விதை 2018 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலராக விற்பனைக்கு வந்தது. மடியில் வைக்கத்தக்க வெள்ளைப் பலகை. உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். பின்புறம் வரிசையாக 19 துளைகள். எல்லாம் அதே 3.5 மி.மீ. துளைதான்! வீட்டு மேசைகளில் பெற்றோர்கள் பற்றவைத்த அந்த வழியையே ஆலையில் செய்து கொடுத்தார்கள். ஏற்கெனவே பிள்ளையிடம் இருக்கும் சுவிட்சை அப்படியே செருகலாம். நோய் முற்றினால் சுவிட்சை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

அது வந்த அட்டைப்பெட்டியையும் சொல்லியாக வேண்டும். பொதி பிரிக்கப் பல்லைப் பயன்படுத்த நேரக்கூடாது என்று முடிவுசெய்து, விரல் மடங்காதவரும் இழுக்கும்படி நாடா வளையங்கள் வைத்தார்கள். தனக்கு வந்த பரிசைத் தானே பிரிக்கும் சந்தோஷம் எந்தக் குழந்தைக்குத்தான் வேண்டாம்?

2023 டிசம்பரில் சோனியும் ‘ஆக்ஸஸ்’ கன்ட்ரோலரோடு வந்தது. விளையாட்டுகளின் உள்ளேயும் மாற்றம் வந்துவிட்டது. 2020-இல் வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’-இல் உடற்குறை உள்ளவர்களும் விளையாட உதவும் அமைப்புகள் மட்டும் 60-க்கு மேல்.

விலைதான் இன்னும் உறுத்துகிறது. எக்ஸ்பாக்ஸ் பலகை வெளியானபோது 99.99 டாலர், அதில் செருகும் சுவிட்சுகள் தனிச் செலவு. லாஜிடெக் 2019-இல் 12 சுவிட்சுகள் கொண்ட தொகுப்பை அதே 99.99 டாலருக்குக் கொடுத்து அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது.

சில மாற்றங்களுக்குக் காசே தேவையில்லை. கேம் உருவாக்கும் நண்பர்களே, ‘அழுத்திப் பிடி’ என்று எழுதும் இடத்திலெல்லாம் ‘ஒருமுறை தட்டினால் போதும்’ என்ற வழியையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பொத்தானின் வேலையையும் வேறு பொத்தானுக்கு மாற்றிக்கொள்ள விடுங்கள்.