பாலாறு கேட்கும் கணக்கு



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தோல் தொழில். பாலாற்றங்கரையில் நம் முன்னோர் பாடுபட்டு வளர்த்த தொழில் அது. உங்கள் குடும்பத்திலும் அதன் வருவாயில் படித்தவர்கள், மணமுடித்தவர்கள், ஹஜ் சென்றவர்கள் இருக்கக்கூடும். உலகம் மாறும்போது வணிகன் எவ்வாறு மாற வேண்டும் என்பதை அறிய அயல்நாட்டு உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. இந்த ஆற்றங்கரையின் ஐம்பதாண்டு வரலாறே போதும். அதில் நாம் பெருமைப்படும் பக்கமும் உண்டு. தலைகுனியும் பக்கமும் உண்டு.

முதல் மாற்றம்

முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பாதி பதனிட்ட நிலையிலேயே அது கப்பலேறும். அதை மெருகேற்றிக் காலணியாக்கிய அயல்நாட்டாருக்கே இலாபத்தின் பெரும்பங்கு சேரும். 1970களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் வரம்பு விதித்தது. பழைய முறையையே நம்பியிருந்தோருக்கு இது பேரிடியாயிற்று. ஆயினும் புதிய இயந்திரங்களை நிறுவி, 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையை நாடியவர்கள் நிலைத்தனர். முழுமையாகப் பதனிட்ட தோல், பிறகு காலணியின் மேற்பாகம், பிறகு முழுக் காலணி எனத் தொழில் உயர்ந்தது. காலணித் தொழிற்கூடங்கள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஊதியம் தந்தன.

இரண்டாம் மாற்றம்

தோலில் பூஞ்சை படராதிருக்கச் சேர்க்கப்பட்டு வந்த பென்டாகுளோரோஃபீனால் என்னும் இரசாயனத்திற்கு 1989 டிசம்பரில் ஜெர்மனி தடை விதித்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது காணப்பட்டால் சரக்கை அங்கே விற்க இயலாது. நம் தொழிலதிபர்கள் கைகட்டி நிற்கவில்லை. மாற்று மருந்தைக் கையாண்டனர். சரக்கைச் சோதித்து அனுப்பலாயினர். பின்னர் சில வகைச் சாயங்களுக்குத் தடை வந்தபோது அவற்றையும் கைவிட்டனர்.

சற்றுச் சிந்தியுங்கள்! கடல் கடந்த நாட்டில் வாழும் ஒருவரின் பாதத்திற்குத் தீங்கு நேராதிருக்க இவ்வளவு விரைந்து மாறினோம். நம் ஆலைச் சுவரை அடுத்துள்ள கிணற்றுக்காக அதே விரைவைக் காட்டினோமா?

தீர்ப்பு சொன்ன உண்மை

வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும் அதில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இத்தீர்ப்பு பெரிதும் காரணமாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. சிறிய ஆலைகள் பல சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டன. குரோமைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையும், கழிவுநீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தன.

எனினும் கணக்கு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது!

நாம் கற்க வேண்டியது

இரு மாற்றங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குபவர் கேட்டபோது உடனே மாறினோம். பக்கத்து வயலின் விவசாயி கேட்டபோது வழக்கு முடியட்டும் என்றோம். அறிவும் ஆற்றலும் நம்மிடம் குறைவாக இருக்கவில்லை; யாருடைய குரலுக்குச் செவிசாய்ப்பது என்பதில்தான் பிழை நேர்ந்தது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆற்றையே வீணாக்க நமக்கு உரிமை ஏது?

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களே! இன்றும் இத்துறையில் செய்ய வேண்டியவை ஏராளம். பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு தூவப்படுகிறது. அந்த உப்பு நீரில் கரைந்துவிட்டால் அதை மீட்பது கடினம்; செலவும் மிகுதி. கழுவுமுன் உப்பை உதறி எடுப்பது, உப்பைக் குறைப்பது, தண்ணீரைச் சிக்கனப்படுத்துவது, சேர்ந்த உப்புக் குவியலுக்குப் பயன் காண்பது: இவை ஒவ்வொன்றும் புதிய தொழிலுக்கான வாயில்களே.

பெற்றோர்களே! தொழில் தொடங்கும் பிள்ளையிடம், "இலாபம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "உன் கழிவு எங்கே போகிறது?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கும் தயங்காமல் விடை சொல்பவனே நாளைய உலகில் நிலைப்பான். அவன் ஈட்டும் பொருளே நம் பிள்ளைகளுக்குப் பரக்கத்தாகவும் அமையும், இன்ஷா அல்லாஹ்.