தளவரிசையும் அதன் அடிப்படையும்

கல்லூரி மலரிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரையென்றால், அது இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ இருத்தல் வேண்டுமென்பது ஒரு வழக்கு. நாம் கல்லையும் மண்ணையும் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. பழைய மாணவர் தாம் கற்ற கல்லூரிக்குக் கல் பாவிய நடைபாதையோ முற்றமோ அமைத்துக் கொடுத்தல் இக்காலத்திற் பெருவழக்காகிவிட்டது. நற்பணியே; ஆயின் பணம் உதவுவோர் கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் வினாவுகின்றனரேயன்றி, கல்லின்கீழ் என்ன இடப்படுகின்றதென வினாவுவோர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணத்து வளவொன்றில் ஆவணியிற் பாவிய தளம் மார்கழியில் மேடும் பள்ளமுமாய்க் கிடந்ததை நாம் கண்டதுண்டு. கற்களிற் குற்றமில்லை. அவற்றைப் பெயர்த்துப் பார்த்தபோது, கீழே இரண்டங்குல மணலும் அதன்கீழ் இளகிய செம்மண்ணுமே இருந்தன. அத்தளத்தில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவர்.

பாவுதல் என்னுஞ் சொல்லைச் சிறிது நோக்குக. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலும் பாவு எனப்படும். நிலத்திற் கல்லைப் பரப்புதலும் பாவுதல் எனப்படும். நெசவிலே பாவு தளர்ந்தால் ஆடை கெடும். இங்கேயோ கெடுவதும் நிலைப்பதும் கல்லின் கீழுள்ளவற்றாலேயே. பாவிய கற்பரப்பிற்குத் தளவரிசை என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, நம்மவர் அதனை மறந்து 'இன்ரலொக்' என்றே வழங்குகின்றனர். அது நிற்க.

பாரத்தை உண்மையில் தாங்குவது கல்லன்று; மண்ணே. மண் உலர்ந்திருக்கும் வரை தாங்கும். நீர் நின்று ஊறின் நெகிழும். இவ்வுண்மையை வற்புறுத்தியவர் ஸ்கொத்லாந்தில் பிறந்து 1816இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர்ப்பகுதி வீதிகளின் மேற்பார்வையை ஏற்ற ஜோன் மக்கடம் என்பார். ஆறு அவுன்சுக்கு மேற்படாத, உடைத்த, கோணமுள்ள கற்களை அடுக்கி இறுக்கினால் அவை ஒன்றோடொன்று கௌவிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. உருண்டைக் கல் கௌவாது, மிதிக்க உருளும். ஒரே பருமனான சல்லியும் தனித்து நில்லாது. முக்கால் அங்குலக் கல்முதற் பொடிவரை பல பருமனும் கலந்து, சிறியது பெரியதன் இடைவெளியை நிரப்புதல் வேண்டும்.

இனி நம்மூர்ப் பொருள்களைப் பார்ப்போம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. கருங்கல் இங்கில்லை, வன்னிப் பெருநிலத்திலிருந்தே வருதல் வேண்டும். ஆதலின் அது விலை கூடியது. சுண்ணாம்புக்கல் உடைந்த மக்கி, நனைத்து இறுக்கினால் நன்கு பிடிக்கும். மனிதர் நடக்கும் பாதைக்கு அது போதும். ஆயின் மக்கிக்காகத் தோண்டிய குழிகள் நமது நிலத்தடி நீருக்குச் செய்யுந் தீங்கை நினைக்கையில், முறையாக அனுமதி பெற்ற இடத்திலிருந்து வந்ததோ என்று கேட்டு வாங்குதலே நன்று. வாகனம் ஏறும் இடத்துக்குக் கருங்கல்லே தகும். கிரவல் எனப்படுஞ் செம்மண் கலந்த சரளையில் களி மிகுந்திருப்பின் மாரியில் அது சேறாகும். மலிவென்று அதனை நாடற்க.

கல்லுக்கு நேர் கீழே ஓரங்குல மணற்படுக்கை வேண்டும். இதற்குப் பருமணல் உகந்தது. கடற்கரை மணலில் உப்பிருக்கும். அவ்வுப்பு சீமெந்துக் கல்லின் மேல் வெண்பூவாய்ப் பூக்கும். மணற்குன்றின் நுண்மணலோ ஓடிவிடும் இயல்பினது. மேலும் அக்குன்றுகள் கரையோரத்தாரின் நன்னீரைத் தாங்கி நிற்பவை.

அளவுகளுக்கு வருவோம். கீழ்வகுப்பு மாணவரும் இதனைக் கணித்துப் பார்க்கலாம். அறுபதடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பாதையைக் கொள்வோம். ஓரக்கற்கள் நிற்பதற்காக அடித்தளம் இருபுறமும் அரையடி கூடுதலாக, ஏழடி அகலம் இருத்தல் வேண்டும். 60 × 7 = 420 சதுர அடி. இறுகிய பின் நான்கங்குலத் தடிப்பு வேண்டின், 420ஐ மூன்றாற் பிரிக்க 140 கன அடி. இறுக்கும்போது கல் அமிழும். ஆகையாற் காற்பங்கு கூட்டுக: 175 கன அடி. நூறு கன அடி கொண்டது ஒரு கியூப். எனவே ஒன்றே முக்கால் கியூப். மணல் பாதையின் அகலத்துக்கு மட்டும்: 360 சதுர அடிக்கு ஓரங்குலமெனின் 30 கன அடி, காற்பங்கு கூட்டிச் சேதத்தையும் எண்ணி 40 எனக் கொள்ளலாம். எட்டங்குல நீளமும் நான்கங்குல அகலமும் உள்ள வழக்கமான கல் சதுர மீற்றருக்கு ஐம்பது செல்லும். நமது பாதைக்கு ஏறக்குறைய 1,675. உடைவுக்காக நூற்றுக்கு ஐந்து கூட்டுக.

நீர் வடியுஞ் செம்மண் நிலத்திற்கே இந்த நான்கங்குலம். கடல்நீரேரியை அடுத்த களிப்பாங்கான உவர் நிலமாயின் ஆறங்குலமேனும் இடுக. அவ்வாறு இடினும் கூடுவது ஒரு கியூப்புக்குங் குறைவே. இச்சிறு தொகையை மிச்சம்பிடிக்கப் போய் முழுப்பணத்தையும் மண்ணில் இடுவது அறிவுடைமையாகாது. ஐயமாயின் ஓரடிக் குழி தோண்டி நீர் நிரப்பிப் பார்க்க. நாள் முழுதும் நீர் வற்றாத மண்ணில் தடிப்பைக் கூட்டுவதோடு வடிகாலும் வேண்டும்.

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். லொறிப் பெட்டியின் நீள அகல உயரங்களை அடியில் அளந்து பெருக்கி நூறாற் பிரித்தால் உண்மையான கியூப் தெரிந்துவிடும். சிறிது நனைந்த மணல், உலர்ந்ததினும் காற்பங்குவரை உப்பிக் காட்டும் என்பதைப் பலர் அறியார். ஒரு தகரப்பேணியில் அம்மணலை இறுக்காது நிரப்பி, பின் மணலை வேறொன்றிற் கொட்டி, பேணியிற் பாதிக்கு நீர்விட்டு அம்மணலை மெல்ல இட்டுக் கிளறினால், மணல்மட்டம் எவ்வளவு தாழ்ந்துள்ளதோ அவ்வளவும் நாம் காற்றுக்குக் கொடுத்த பணமாகும்.

வேலை செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஏறக்குறைய ஏழங்குலம் அகழ்ந்து, பழைய வேர்களையும் தூர்ந்த குழிகளையும் களைந்து, அடிமண்ணை முதலில் இறுக்குக. எடுத்த செம்மண்ணை வீசிவிடாது மரங்களின் அடியிலிடுக. கல்லை ஒரே முறையிற் கொட்டாது இரு படைகளாகப் பரப்பி, ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்குதல் வேண்டும். சரிவு அடிக்குக் காலங்குலம். ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். சரிவு சுவரை நோக்கியன்றி மரஞ்செடிகளை நோக்கியிருக்க.

உறுதிக்கென்று கல்லின்கீழ் கொங்கிறீற்று இடுவோரும் உளர். நடைபாதைக்கு அதனை நாம் விரும்புகின்றிலோம். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்துட் புகுந்தாலன்றிக் கிணற்றில் நீரில்லை. மணலும் மக்கியுங் கொண்ட தளத்தின் இடுக்குகள் வழியே மழைநீரின் ஒரு பகுதியாவது கீழிறங்கும்.

பாவி முடிந்ததும் உலர்ந்த நுண்மணலைக் கூட்டி இடுக்குகளை நிரப்பி, மீண்டும் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டுக. முதல் மழைக்குப்பின் இடுக்கு மணல் தாழும். அப்போது இன்னொரு முறை நிரப்புவதற்கென இரண்டு சாக்கு மணலைக் களஞ்சிய அறையில் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.