பையில் கட்ட முடியாத நிரல்

பள்ளி மாணவர் அணிகள் ரோபோ கட்டி மோதும் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் அந்த ஆண்டின் ஆட்டம் ஜனவரித் தொடக்கத்தில், கிக்காஃப் நாளில் அறிவிக்கப்படுகிறது. முன்கூட்டி எழுதிய மென்பொருளை வெளியிடுவதற்கான கெடுவும் அந்த நாள்தான். கிக்காஃபுக்கு முன் எழுதிய நிரலைப் போட்டி ரோபோவில் ஏற்ற வேண்டுமானால், அதன் மூல நிரல் அதற்குள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவெளியில் வந்திருக்க வேண்டும்.

ஓர் அணி அக்டோபரில் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே திருப்பும் ஓட்டுநிரலை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிக்காஃபுக்கு முதல் நாள் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டாலும் போதும், அதைப் பயன்படுத்தலாம். மடிக்கணினியிலேயே இருந்துவிட்டால் புதிதாகத்தான் எழுத வேண்டும். முன்கூட்டி உழைப்பதை விதி தடுக்கவில்லை. உழைத்ததைப் பகிரச் சொல்கிறது. இது அருமையான ஏற்பாடு. நிரலர் இல்லாத சிறிய அணிக்கும் பெரிய அணியின் உழைப்பு இப்படிக் கிடைக்கிறது.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. எழுதிய மாணவர் அதே நிரலை நினைவிலிருந்து ஒரே மாலையில் மீண்டும் எழுதிவிடுவார். ஆய்வாளர்கள் ரோபோவின் எடை, அளவு, மின்னிணைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கிறார்கள். ஒரு வரி எந்த மாதம் எழுதப்பட்டது என்பதை ரோபோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியில் உள்ள பதிவின் தேதியையும் ஒரே கட்டளையில் மாற்றலாம். விதி முழுக்க முழுக்க அணிகளின் நேர்மையை நம்பி நிற்கிறது. விளக்கக் குறிப்பு ஒன்றுமின்றிக் கடைசி இரவில் கொட்டப்படும் நிரலும் விதிப்படி 'பொது'தான். புதிய அணிக்கு அதனால் பயன் குறைவு.

இதோடு ஒப்பிட்டால், ரோபோவைக் கட்டி முடிப்பதற்கு இருந்த பழைய கெடு வலுவற்றது. 2019 வரை, சுமார் ஆறு வாரக் கட்டுமானம் முடிந்ததும் ரோபோவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணிட்ட முத்திரை வைத்தார்கள். எல்லா அணிக்கும் சம நேரம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நிரலோ பைக்கு வெளியே இருந்தது. வசதியுள்ள அணிகள் அதே அச்சில் இரண்டாவது ரோபோவைக் கட்டி, ஆட்டத் தொடக்கத்தில் ஓட்டுநர் கை படாமல் ரோபோ தானே இயங்கும் சில விநாடிகளுக்கான நிரலை வாரக்கணக்கில் செதுக்கின. ஒரே ரோபோ கொண்ட அணிக்கு ஓட்டிப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. 2020 பருவத்திலிருந்து பை இல்லை.

கிக்காஃபுக்குப் பிறகு நிரல் எழுத வரம்பு உண்டா? இல்லை. போட்டி நாள் இரவில், பணிக்கூடம் மூடிய பின்னும் எழுதலாம்.

சென்ற ஆண்டு நிரல்? வெளியிட்டிருந்தால் செல்லும்.

ரோபோ நிரல் எழுத அணிகள் பயன்படுத்தும் டபிள்யூபிஐலிப் நிரல் நூலகம்? எல்லா அணிக்கும் பொது, தடையில்லை.